தொப்பி ஏந்திய சட்டமன்ற உறுப்பினர்

கிழக்குக் கரை, ஹார்லோ மில்ஸ்
பிப்ரவரி 22, 2009

ஹாலிஸ்,

‘அன்புள்ள’ என்று தொடங்கிப் பார்த்தேன். கை வரவில்லை.

வியாழக்கிழமை செய்தித்தாளில் உன் படம் பார்த்தேன். மாநிலத் தலைநகர் கான்கார்டில், சட்டமன்றத்தில் ஒரு கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறாய். பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த வாஷிங்டன் அனுப்பும் ஊக்க நிதியில் ஒரு காசைக்கூட நியூ ஹாம்ப்ஷயர் தொடக்கூடாது என்று பேசியிருக்கிறாய். “மக்களின் பணத்தை மக்களின் சட்டைப்பையிலேயே விட்டுவிடுங்கள். அதை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியும்.” நல்ல வாக்கியம். சிறுவயதில் என் சட்டைப்பையில் ஒரு மிட்டாயைக்கூட விட்டுவைக்காதவன் சொன்னது என்பதுதான் இடிக்கிறது.

நவம்பரில் மாநில ஆய்வாளர் வந்து நம் ஆற்றுப் பாலத்தை மூடிக் குறுக்கே சிவப்புப் பலகை அடித்துவிட்டுப் போனார். அதற்கு முன்னால் மரம் ஏற்றும் லாரிக்காரர்கள், பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பாலத்தைத் தாண்டி என் கடைக்குத்தான் காலை உணவுக்கு வருவார்கள். இப்போது அடுத்த ஊர்ப் பாலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். ஒரு தட்டு பான்கேக்குக்காக யார் அவ்வளவு தூரம் வருவார்கள்? நேற்றுக் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அந்த ஊக்க நிதிக்கு விண்ணப்பித்துப் பாலத்தைச் சரிசெய்வது என்று ஒரு தீர்மானம் வருகிறது. நீ அதை எதிர்த்துப் பேசப்போகிறாய் என்று ரே பெல்கி சொன்னார். ஊர்ச் சாலைகளைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தெரியாதா.

எனவே இதையும் தெரிந்துகொள். பாஸ்டனிலிருந்து லாங்ஃபோர்ட் என்று ஒருவர் வந்தார். கடைக் கட்டடத்தை வாங்கி வாரக்கடைசி வீடாக மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறார். ஃப்ளோரிடாவில் என் பள்ளித் தோழி வின்னி தன் வீட்டில் எனக்கு ஓர் அறை இருக்கிறது என்கிறாள். அக்டோபரில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க வரும் கூட்டம்தான் எனக்குக் குளிர்காலச் சோறு. அதற்குள் பாலம் திறக்காவிட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தெற்கே போய்விடுவேன்.

தொலைபேசியில் கூப்பிடாதே. போன முறை நீ கத்தியதில் இந்தப் பக்கம் அடுப்பில் இருந்த முட்டை வெந்துவிட்டது. எழுது. எழுத்தில் உனக்குச் சத்தம் குறைவு.

உன் இரட்டைச் சகோதரி, உனக்குச் சற்று முன்னால் பிறந்தவள்,
வெர்னா

*

மேற்குக் கரை, ஹார்லோ மில்ஸ்
பிப்ரவரி 26, 2009

அன்புள்ள வெர்னா,

எனக்குக் கை வந்தது.

முன்னால் பிறந்ததை ஒரு தகுதியாக நீ குறிப்பிடுவது இது எத்தனையாவது தடவை என்று நான் எண்ணுவதில்லை. நீ அவசரக்காரி என்பதற்கு அது முதல் சாட்சி, அவ்வளவுதான்.

நான் பேசியதில் பாதியைத்தான் செய்தித்தாள் போட்டது. அந்தப் பத்திரிகை என் பெயரை ஒரு தடவை ‘ஹோரஸ்’ என்று அச்சிட்டதை நான் மறக்கவில்லை. முழுவதும் கேள். அரசு கடன் வாங்கிச் செலவழிக்கும் பணத்தை இன்னும் பிறக்காத பிள்ளைகள் கட்ட வேண்டும். அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது, அதனால் யாரும் அவர்களிடம் கேட்பதில்லை. அடுத்தது, வாஷிங்டன் பணம் தனியாக வராது. கூடவே அளவு நாடாவோடு ஒரு ஆள் வருவான். நமக்கு வேண்டியது ஒரு லாரி போகிற பாலம். அவன் இரண்டு லாரி போகிற பாலம் கேட்பான். நடைபாதை கேட்பான். ஆற்று மீன்களின் அபிப்பிராயத்தை அறிய ஒரு வருடம் எடுத்துக்கொள்வான். உன் அக்டோபர் போய், அடுத்த அக்டோபரும் போய்விடும். வரியைக் குறைத்தால் பணம் அவரவர் கையில் அன்றைக்கே நிற்கும். யாருடைய முத்திரையும் வேண்டாம்.

இந்த ஊருக்காக ஆண்டுக்கு நூறு டாலர் சம்பளத்தில், நானூறு பேர் உட்காரும் அவையில், குளிரில் முப்பது ஆண்டுப் பழைய காரை ஓட்டிக்கொண்டு போய் நான் உட்காருகிறேன். கைமாறாக இந்த ஊர் எனக்கு என்ன செய்தது? தலைமை ஆசிரியர் பதவி எனக்கு வர வேண்டியது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த கார்ல் ஸ்டான்ஹோப்புக்குக் கொடுத்தார்கள். இன்று அவர்தான் ஊர்க்கூட்டத் தலைவர். நான் எழுதிய ஊர் வரலாற்றை நூலகர் மிஸ் ஃபிஃபீல்ட் நகைச்சுவை அலமாரியில் வைத்திருக்கிறார். உன் அருமை பெல்கி ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனி தள்ளும் வண்டியால் என் தபால் பெட்டியைப் புதைத்துவிட்டுப் போகிறார்.

நீ ஃப்ளோரிடாவுக்குப் போவதைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை. அங்கே முதலைகள் உண்டு என்பது கருத்து அல்ல, தகவல்.

ஹாலிஸ்

*

மார்ச் 4, 2009

ஹாலிஸ்,

மீன்களைப் பற்றி நீ எழுதியதைக் கடையில் சத்தமாகப் படித்தேன். இருந்த ஒரே வாடிக்கையாளர் சிரித்தார். அவர் உனக்கு ஓட்டுப் போடுகிறவராம். நல்ல மனிதர், திருந்தவும் இடமிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்துக்குச் சர்ச் பெண்கள் வழக்கம்போல வேகவைத்த மொச்சையும் பழுப்பு ரொட்டியும் செய்கிறார்கள். மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் ‘பை’ பலகாரம் என் பொறுப்பு. ஆப்பிள், புளூபெர்ரி, கஸ்டர்ட் மூன்றும் கொண்டுவருவேன். நீ சாப்பிடலாம். உன் பக்கத்தில் உட்கார மாட்டேன். பேசவும் மாட்டேன். நீ அசட்டுத்தனமாக எதையாவது சொன்னால் மட்டும் பேசுவேன். ஆக, பேசுவேன்.

வெர்னா

*

மார்ச் 11, 2009

வெர்னா,

இதை எழுதுகிறேன். கோபத்தில். நேற்று நடந்ததை உனக்கே எழுதுவது வீண்தான், நீதான் அதற்குக் காரணம். ஆனால் என் பக்கத்து உண்மை எங்காவது பதிவாக வேண்டும்.

பாலத் தீர்மானம் வந்ததும் நான் எழுந்து முறையாகப் பேசினேன். கடன், பிறக்காத பிள்ளைகள், அளவு நாடா எல்லாம். பலர் தலையாட்டினார்கள். அப்போது பை மேஜைக்குப் பின்னாலிருந்து, கையில் கரண்டியோடு, கூட்டத் தலைவரின் அனுமதிகூடக் கேட்காமல் ஒரு குரல் வந்தது.

“ஜனங்க பையில விட்டா ஜனங்களே பாலம் கட்டிருவாங்கன்னு சொல்ற. எந்த ஜனங்க? பேர் சொல்லு பாப்போம்.”

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

“சரி, எழுதிக்குங்க. ஏப்ரல்லேருந்து எல்லாருக்கும் வரிச்சலுகை வருதில்ல? முதல்ல அதைப் பாலத்துக்குக் கொடுக்கட்டும். கட்டாயமில்ல, இஷ்டப்பட்டவங்க. நானே தொப்பியைத் தூக்கிட்டு ஒரு வீடு விடாம போறேன். அதுவும் போதலைன்னா அப்புறம் வாஷிங்டன்கிட்டப் போய்க் கையேந்துங்க. இதையே திருத்தமா முன்மொழியறேன், போதுமா?”

அது கிண்டல். தொனியைக் கேட்ட எவனுக்கும் அது கிண்டல் என்று தெரியும். ஆனால் நான் மூச்சு விடுவதற்குள் பை மேஜையிலிருந்து, “வழிமொழியறேன்.”

ஸ்டான்ஹோப்பின் முகத்தில் மெல்லப் பரவிய அந்தப் புன்னகையை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை. திருத்தத்தை நிதானமாக, தொப்பி உட்பட, படித்துக் காட்டினார். நான் எழுந்து, அது விளையாட்டுக்குச் சொன்னது, திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

“ஹாலிஸ், வழிமொழிஞ்சாச்சு, நான் படிச்சும் காட்டிட்டேன். இனிமே அது உங்களுதில்ல, கூட்டத்துது. திரும்ப வாங்கணும்னா கூட்டம் சம்மதிக்கணும். இந்த விதியை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்.”

உண்மை. இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு கூட்டத்திலும் நான்தான் அந்த விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மற்றவர்களை உட்கார வைத்திருக்கிறேன். திரும்பப் பெறச் சம்மதிப்பவர்கள் ஓட்டு அட்டையை உயர்த்துங்கள் என்றார் அவர். கூட்டம் நடந்த பள்ளி உடற்பயிற்சிக் கூடம் முழுவதிலும் ஒரே ஓர் அட்டை உயர்ந்தது. அது என்னுடையது.

பிறகு திருத்தம் நிறைவேறியது. பாலக் குழுவுக்கு என்னைத் தலைவராகவும் போட்டுவிட்டார்கள். இந்த ஊரில் எனக்கு முதன்முதலாகக் கிடைத்த தலைமைப் பதவி, தொப்பி ஏந்துவதற்கு.

உன் கஸ்டர்ட் பையைத் தொடவில்லை. ஆப்பிள் மட்டும் சாப்பிட்டேன்.

ஹாலிஸ்

*

மார்ச் 15, 2009

அன்புள்ள ஹாலிஸ்,

கை வந்துவிட்டது, பார்த்தாயா. அந்த ஒற்றை அட்டையை நினைக்கும்போதெல்லாம் வருகிறது.

நீ ஆப்பிளில் இரண்டு துண்டு சாப்பிட்டாய்.

ஏன் வழிமொழிந்தேன் என்று கேட்க உனக்குக் கௌரவம் இடம் தராது. நானே சொல்கிறேன். மேஜைக்குப் பின்னால் நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக் கூடம் உன் பேச்சுக்குத் தலையாட்டியது. எனக்குப் பிடிக்காத விஷயம், நீ நன்றாகவே பேசினாய். ஓட்டுக்கு விட்டிருந்தால் ஊக்க நிதித் தீர்மானம் அப்படியே தோற்றிருக்கும். எனக்கு வாஷிங்டனும் இல்லை, வரிச்சலுகையும் இல்லை என்று ஆகியிருக்கும். அந்த நேரத்தில் நீயே எழுந்து உன் கழுத்தை என் கையில் கொடுத்தாய். ஒன்றுமே இல்லாமல் போவதைவிட உன் தொப்பி எவ்வளவோ மேல். உன் கொள்கை உண்மை என்றால் அது பாலம் கட்டட்டும். பொய் என்றால் ஊரே பார்க்கட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஊரில் நீ மனஸ்தாபம் கொள்ளாத வீடு ஒன்றுகூட இல்லை. இப்போது எல்லா வீட்டுக் கதவையும் நீ தட்டியாக வேண்டும். இதைக் காசு கொடுத்துப் பார்க்கலாம், எனக்கு இலவசமாகக் கிடைத்தது.

முதலில் மிஸ் ஃபிஃபீல்டிடம் போ. அவர் கடிக்க மாட்டார்.

லாங்ஃபோர்ட் மறுபடி எழுதியிருக்கிறார். இலைக் காலம் வரை பொறுங்கள் என்று பதில் போட்டேன். இப்போது என் கடை உன் தொப்பிக்குள் இருக்கிறது. அதை மறந்துவிடாதே.

வெர்னா

*

ஏப்ரல் 26, 2009

அன்புள்ள வெர்னா,

பனி உருகும் சேற்றுக் காலம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார் பில்லிங்ஸ் மேட்டில் புதைந்தது. இழுத்துவிட வந்த விவசாயி என் எதிர்க்கட்சிக்காரர். இழுத்துவிட்ட பிறகு தொப்பியில் அவரும் போட்டார். நான் நன்றி சொன்னதும், “உங்க கட்சிக்கில்ல, பாலத்துக்கு” என்றார். தெளிவான மனிதர்.

மிஸ் ஃபிஃபீல்டிடம் போனேன். வசூலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் என் புத்தகத்தைப் பற்றி நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரித்திர அலமாரியில வச்சா யாரும் தொட மாட்டாங்க மிஸ்டர் டிரெஸ்காட். சிரிக்கறதுக்குன்னு வச்சேன், தையல் விட்டுப்போற அளவுக்கு எடுத்துட்டுப் போறாங்க. ரெண்டு தடவை நானே ஒட்டினேன்.”

ஊரில் பாதிப் பேர் என் புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள் என்பது இதனால் தெரியவருகிறது. சிரித்துக்கொண்டே படித்திருக்கிறார்கள் என்பதும் தெரியவருகிறது. நதிக்கரை ஆலை எரிந்த அத்தியாயத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் ஒட்டினாராம். இரண்டு தடவை.

பெல்கி வீட்டுக்கு மூன்றாவது நாள் போனேன். முதல் இரண்டு நாளும் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். தபால் பெட்டி விஷயத்தை எடுத்தேன். அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். “உங்க பெட்டி ரோட்டுக்குள்ள நிக்குதுங்க. ஒவ்வொரு வருஷமும் சொல்லணும்னுதான் நினைப்பேன். நீங்க ஜன்னலைத் திறந்து திட்ட ஆரம்பிச்சுருவீங்க. நானும் வண்டியை எடுத்துட்டுப் போயிருவேன்.” இருவருமாகப் போய்ப் பார்த்தோம். பெட்டி ரோட்டுக்குள்தான் நின்றது. அதை நட்ட அப்பாவுக்கு அளவெடுக்கத் தெரியாது என்பதற்கு இது இன்னொரு உதாரணம்.

பாலத்தின் மேல்தளப் பலகைகளைத் தானும் இரண்டு ஆட்களும் கூலி வாங்காமல் மாற்றித் தருவதாகப் பெல்கி சொன்னார். மரம் இலவசமாகத் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். அவரோடு நான் வேலித் தகராறில் பேசாமல் இருந்தேன். பேச வேண்டியதாயிற்று.

இன்னும் ஸ்டான்ஹோப் வீடு பாக்கி. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

ஹாலிஸ்

*

மே 20, 2009

அன்புள்ள ஹாலிஸ்,

உன் தொப்பியைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. பாலம் வழியாக வர முடியாதவர்கள்கூடச் சுற்றி வந்து, ஒரு காபி குடித்து, நீ அவர்கள் வீட்டில் என்ன சொன்னாய் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீ வெட்டுக்கிளி மாதிரி ஒவ்வொரு வாசலிலும் நின்றாயாம். ஒரு வீட்டில் நாயோடு வாக்குவாதம் செய்தாயாம். வியாபாரம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதற்கு உன் கொள்கைக்கு நன்றி சொல்ல மாட்டேன். உன் நடைக்கு வேண்டுமானால் சொல்கிறேன்.

ஒரு சின்ன விஷயம் உறுத்துகிறது. வீடு வீடாகப் போய் நீ வாங்குகிற வரிச்சலுகை எங்கிருந்து வந்தது? கூலியில் வாரா வாரம் கூடுதலாக வருவதும், வயதானவர்களுக்கு இந்த மாதம் வந்த காசோலையும் பிப்ரவரியில் போட்ட அதே ஊக்கச் சட்டத்திலிருந்துதானே வந்தது? நீ கையை உயர்த்திக்கொண்டு எதிர்த்துப் பேசினாயே, அதே சட்டம். ஒரு கையால் அடித்துவிட்டு மறு கையால் தொப்பி நீட்டுகிறாய் என்று எனக்குப் படுகிறது. நான் தவறாகச் சொன்னால் திருத்து. வழிமொழிகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கறுப்பு ஈ காலம். முகத்துக்கு வலை போட்டுக்கொள்.

வெர்னா

*

ஜூலை 8, 2009

அன்புள்ள வெர்னா,

திருத்துகிறேன். அந்தச் சட்டத்தில் உருப்படியான பகுதி வரிச்சலுகை ஒன்றுதான் என்று பிப்ரவரியிலேயே சொன்னேன். செய்தித்தாள் அந்தப் பாதியைத்தான் விட்டுவிட்டது. இதை ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டது நீ ஒருத்திதான். நீ கேட்பாய் என்று தெரிந்தே ஏப்ரலிலிருந்து இந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஒரு மாதம் தாமதமாகக் கேட்டாய்.

ஸ்டான்ஹோப் வீட்டுக்குப் போய்விட்டேன். கதவைத் திறந்தவர் நேராக உள்ளே போய்க் காபி போட்டார். அரை மணி நேரம் மீன்பிடித்தலைப் பற்றிப் பேசினார். கடைசியில் நானே தலைமை ஆசிரியர் விஷயத்தைத் தொட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“உனக்குக் கிடைச்சிருக்கணும் ஹாலிஸ். நான் அப்பவே குழுவுல சொன்னேன். நீ என்னைவிட நல்லா பண்ணியிருப்ப. பசங்கதான் ஊரைவிட்டு ஓடியிருப்பானுங்க.”

நான் கோபப்பட வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் அவரைப் பற்றி நான் நினைத்துவைத்திருந்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு கோப்பையும் குடித்தேன். சனிக்கிழமை மீன்பிடிக்க வரச் சொல்லியிருக்கிறார்.

இனி மோசமான செய்தி. பலகையை எடுத்துவிட்டுப் பார்த்தபோது கீழே இரும்பு உத்தரம் ஒன்றைத் துரு அரித்திருக்கிறது. மாநிலப் பொறியாளர் அதை மாற்றாமல் பாலத்தைத் திறக்க விடமாட்டேன் என்கிறார். இரும்புக்கு என் தொப்பி போதாது. இரண்டாவது சுற்றும் போய்ப் பார்த்தேன். மக்கள் கொடுத்தார்கள். என் நூறு டாலரையும் போட்டேன். அப்படியும் போதாது.

போன செவ்வாய்க்கிழமை உன் பக்கத்துக் கரைச் சுவரைப் பார்க்கச் சுற்றி வந்தேன். குழுத் தலைவராக. அப்போது உன் கடை ஜன்னல் வழியாக ஓர் ஆள் உன் நீள மேஜையை அளவு நாடாவால் அளந்துகொண்டிருப்பது தெரிந்தது. நீ முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் உள்ளே வரவில்லை. எனக்கு வேலை இருந்தது.

திருத்தத்தில் ஒரு வரி உண்டு, நினைவிருக்கும். போதாவிட்டால் வாஷிங்டனிடம் கேட்கலாம் என்று. உத்தரத்துக்கு மட்டும் ஊக்க நிதிக்கு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்று அனுப்பினேன். விண்ணப்பம் ஒரு பக்கம். அதோடு என் ஆட்சேபத்தை மூன்று பக்கம் இணைத்திருக்கிறேன்.

இதை உனக்காகச் செய்யவில்லை. பெல்கியின் வண்டிக்குப் பாலம் வேண்டும்.

ஹாலிஸ்

*

ஆகஸ்ட் 3, 2009

அன்புள்ள ஹாலிஸ்,

உன் ஆட்சேபத்தின் பிரதியைக் கார்ல் ஸ்டான்ஹோப் இங்கே மேஜை மேல் ஏறி நின்று படித்தார். கடை நிறைந்திருந்தது. ‘தன் பேரக்குழந்தைகளின் பணத்தில் காலை உணவு உண்ணும் தலைமுறை’ என்ற இடத்தில் எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி சாப்பிட்டார்கள்.

தன்னைத்தானே எதிர்த்து வாதாடும் விண்ணப்பம் நிதி அலுவலகத்துக்கு வந்ததே இல்லையாம். கான்கார்டிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு என்னிடம் சொன்னாள், கடைசி வரி வரைக்கும் அலுவலகத்தில் எல்லோரும் படித்தது இது ஒன்றைத்தானாம். அனுமதி வந்துவிட்டது. மீன்களை யாரும் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீ ஜன்னலுக்கு வெளியே நின்றது எனக்குத் தெரியும். காபி இயந்திரத்தின் பளபளப்பில் உன் தொப்பி தெரிந்தது. உள்ளே வந்திருக்கலாம்.

பெல்கியின் வண்டிக்காக நீ செய்ததற்குப் பெல்கியின் வண்டி சார்பில் நன்றி.

வெர்னா

*

செப்டம்பர் 27, 2009

அன்புள்ள வெர்னா,

சனிக்கிழமை பாலம் திறக்கிறது. உத்தரம் ஏறிவிட்டது, பலகை அடித்தாகிவிட்டது, பொறியாளர் தன் லாரியை நடுவில் நிறுத்திக் கீழே குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நாடா வெட்டுவதற்கு ஆளுநர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வரத் தயாராம். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நம் பாலத்தில் நாடா அளவுக்கு அகலமும் இல்லை.

இன்னொன்று. அக்டோபர் 20ஆம் தேதி கான்கார்டில் நிதிக் குழுவின் விசாரணை. அரசு செலவழிப்பது நல்லதா, வரியைக் குறைப்பது நல்லதா என்று. மக்கள் பையில் பணத்தை விட்டால் அவர்களே பாலம் கட்டுவார்கள் என்பதற்கு ஹார்லோ மில்ஸ்தான் சாட்சி என்று பேச என் கட்சி என்னை அழைத்திருக்கிறது. ஒத்துக்கொண்டேன். உத்தரத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்க மாட்டேன். கேட்காவிட்டால் நானாகச் சொல்லும் அவசியம் இல்லை.

ஃப்ளோரிடாவைப் பற்றிச் சில தகவல்கள் சேகரித்தேன். தொழில்முறை ஆர்வம்தான். அங்கே விற்பனை வரி உண்டு. நம் மாநிலத்தில் இல்லை. அங்கே ஒரு ஜோடி செருப்பு வாங்கினால்கூட அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டுத்தான் காலில் போட வேண்டும். நீ நிறையச் செருப்பு வாங்குகிறவள். புயல் காப்பீடு தனி. வின்னி இதையெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். ஆண்டு முழுவதும் அங்கே இலை ஒரே நிறமாம்.

லாங்ஃபோர்டுக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

ஹாலிஸ்

*

அக்டோபர் 12, 2009

அன்புள்ள ஹாலிஸ்,

நேற்றும் முந்தாநாளும் நீ இங்கேயே இருந்தும் உன்னிடம் இதைச் சொல்ல முடியவில்லை. நீ யாரையும் பேச விடவில்லை. அதனால் இன்னும் ஒரு கடிதம்.

சனிக்கிழமை காலை என்ன கூட்டம் என்று நீயே பார்த்தாய். பாலத்தின் அந்த முனை வரை கார் நின்றது. மாசசூசெட்ஸ்காரர்கள், கனெக்டிகட்காரர்கள், கனடாவிலிருந்து ஒரு பேருந்து. பரிமாறும் பெண் ஒருத்திக்குக் காய்ச்சல். நான் உன்னைக் கேட்கவில்லை. நீயே கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் காபிக் குடுவையை எடுத்தாய். ஒரு கையில் குடுவை, மறு கை மேலே. ஜன்னலோரம் இருந்த கனெக்டிகட் குடும்பத்துக்கு அவர்கள் மாநில வருமான வரியில் என்ன கோளாறு என்று விளக்கிக்கொண்டிருந்தாய். அவர்கள் பான்கேக் ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டார்கள். அந்த அம்மாள் குறிப்பு எடுத்தாள். பக்கத்து மேஜையில் கார்ல் உனக்கு எதிராக வாதாட, பெல்கி இரண்டு பேருக்கும் நடுவே தன் முட்டையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் லாங்ஃபோர்ட் உள்ளே வந்தார். உனக்குத் தெரியாது, நீ முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாய். உட்கார இடமில்லை. நீள மேஜையின் ஓரத்தில் நின்றுகொண்டே பத்திரத்தை எடுத்து விரித்தார். தொகையைக் கூட்டியிருந்தார், நல்ல தொகை. பேனாவையும் அவரே திறந்து வைத்தார். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். உன் மேல் வந்ததும் அவர் கண் நின்றுவிட்டது.

“யாரும்மா அவர்? நான் வந்ததுலேருந்து பேசிட்டே இருக்காரே.”

“என் தம்பி. எங்க ஊர்ச் சட்டமன்ற உறுப்பினர்.”

“எப்பவும் இங்கதான் இருப்பாரா?”

“பாலம் திறந்துருச்சே. இனிமே இருப்பான்.”

அவர் என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான் கடையை வாங்கினப்புறமும் வருவாரா?” என்றார்.

பாலம் திறந்த பிறகும் நான் அதுவரை முடிவு செய்திருக்கவில்லை, ஹாலிஸ். கையில் ஈரம் இருந்தது, துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்றுகூட நினைத்தேன். ஃப்ளோரிடா அறையின் ஜன்னல் கடலைப் பார்த்திருக்கிறதாம். ஆனால் அவர் அப்படிக் கேட்டதும், சனிக்கிழமை காலையில் நீ பாலத்தைத் தாண்டி வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் அந்தக் கையை உயர்த்திக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். யாரிடம் பேசுவாய்?

“அவன் வருவான். அதான் விக்கறதா இல்ல” என்றேன். அவர் சிரித்துவிட்டார். பேனாவை மூடினார். ஓர் இடம் காலியானதும் உட்கார்ந்து இரண்டு தட்டுப் பான்கேக் சாப்பிட்டார். அவருக்குக் காபி ஊற்றியது நீதான். பாஸ்டன் சொத்து வரியைப் பற்றி அவரிடம் என்ன சொன்னாயோ, கிளம்பும்போது உன் கட்டுரை எதையாவது படிக்கக் கிடைக்குமா என்று கேட்டார். மிஸ் ஃபிஃபீல்டிடம் அனுப்பினேன்.

விற்பனை வரிக்குப் பயந்து நான் தங்கினேன் என்று மட்டும் எங்கேயும் பேசிவிடாதே.

இன்னொன்று. 20ஆம் தேதி விசாரணைக்கு எதிர்க்கட்சிக்காரர்கள் என்னை அழைத்திருக்கிறார்கள். வாஷிங்டன் உத்தரம் இல்லாவிட்டால் ஹார்லோ மில்ஸில் பாலமே இல்லை என்று நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். ஒரே மேஜை, இரண்டு நாற்காலி. கேட்காவிட்டால் உத்தரத்தை நீ சொல்ல மாட்டாய் அல்லவா, கேட்பதற்கு நான் இருப்பேன். நானும் உன் தொப்பியை மறைக்க மாட்டேன். கேட்டால்.

உன் காரை நம்பி அவ்வளவு தூரம் வர மாட்டேன், என்னுடையதில் போகலாம். அன்று காலையில் கொஞ்சம் சீக்கிரம் கடைக்கு வா. நீ என்ன பேசப்போகிறாய் என்று சாப்பிட்டுக்கொண்டே சொல். நான் பேச வேண்டியதை இன்னும் எழுதவில்லை. எதை எதிர்க்க வேண்டும் என்று தெரியாமல் எப்படி எழுதுவது?

வெர்னா